பூஜையில் வைத்த குரல்

"அருமையா இருக்கு கண்ணு... உப்பில்ல... அருமையா இருக்கு கண்ணு."

கணவரின் கழுத்தில் தொங்கிய பெட்டி இப்படிச் சொன்னதும் சுகந்தி தோசைத் திருப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருடமாகத் தினமும் காலையில் கேட்கிற பாராட்டுதான். நடுவில் வந்த 'உப்பில்ல' மட்டும் புதுசு. குரலும் வேறாக இருந்தது. முதலிலும் கடைசியிலும் பேசியது பந்தியில் நின்று உபசரிக்கிற குரல். நடுவில் பேசியது கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துகிற குரல்.

"ஏனுங்க, இப்ப என்ன சொன்னீங்க?"

பூபதி தட்டைப் பார்த்தார். பெட்டி, "ஒண்ணுமில்ல கண்ணு" என்றது.

ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து பூபதியின் வலது கையையும் பேச்சையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கும், வாய்க்கு வந்து சேராது என்றார் டாக்டர். அப்போதே அதற்கும் ஒரு வழி வந்திருந்தது. இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ரூபாய்க் காசு அளவில் ஒரு சிப். கழுத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. நினைப்பதைச் சிப் பிடிக்கும், பெட்டி பேசும். அதுவும் பூபதியின் பழைய குரலிலேயே பேசும். கம்பெனி அதற்கு 'வாய்த்துணை' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. வீட்டில் அது வெறும் பெட்டிதான்.

அன்று காலை அந்தப் பெட்டி சந்தி சிரிக்க வைத்துவிட்டது. டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து "வாய மூடு" என்றது. பூபதியின் தம்பி ராஜ்குமார் விஜயதசமி வாழ்த்துச் சொல்ல ஃபோன் செய்தபோது, "நல்லாருக்கேன்டா தம்பி... திருட்டு நாயே... நல்லாருக்கேன்டா தம்பி" என்றது. அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சுகந்தி பயந்துபோனாள். ஒரு பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பும் வந்தது, அதை நினைத்து இன்னும் பயமாக இருந்தது.

அவளுடைய ஃபோனில் ஒரு செய்தி வந்து நின்றது. 'முறையற்ற நிறுத்தம் கண்டறியப்பட்டது. அடையாளம் தெரியாத செயல்பாடு உள்ளது. வைரஸ் சந்தேகம். நாளை மாலை நான்கு மணிக்குத் தானாகவே புதிய பதிப்போடு மீட்டமைக்கப்படும்.' கீழே மணியும் நிமிடமும் நொடியும் குறைந்துகொண்டே போயின.

முறையற்ற நிறுத்தம் என்றால் என்ன என்று சுகந்திக்கு நன்றாகவே தெரியும். செய்தவளே அவள்தானே.

பூபதிக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை இருந்தது. ஆயுத பூஜை வந்தால் பட்டறைக்குக் கல்யாணக் களை வந்துவிடும். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய். மெயின் சுவிட்சை அணைத்தால் மறுநாள் காலைவரை எந்த மெஷினும் ஓடக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன் பட்டறை ராஜ்குமார் கைக்குப் போனது. இரண்டு வருடம் மரியாதைக்குப் பூஜைக்குக் கூப்பிட்டார். இந்த வருடம் ஒரு பொரிப் பொட்டலம்கூட வரவில்லை. சுகந்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டிலேயே பூஜை போட்டாள். வைப்பதற்கு என்ன இருந்தது? அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்கூட்டர் சாவி. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. இந்த வீட்டில் ஓய்வில்லாமல் உழைக்கிற ஆயுதம் எது என்று யோசித்தாள். சந்தேகமே இல்லை, பெட்டிதான்.

"ஏனுங்க, பெட்டிய பூஜையில வெக்கட்டுங்களா?"

"தாராளமா வை கண்ணு" என்றது பெட்டி.

அணைப்பதற்கு ஒரு முறை உண்டு. பொத்தானை அழுத்தி, பன்னிரண்டு நிமிடம் காத்திருந்து, பச்சை விளக்கு அணைந்த பிறகுதான் கழற்ற வேண்டும். ஆனால் நல்ல நேரம் முடிய மூன்று நிமிடம்தான் பாக்கி இருந்தது. ராகு காலம் பெட்டிக்காகக் காத்து நிற்குமா? சுகந்தி பேட்டரியைப் பிடுங்கினாள். பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரிக்கு நடுவில் உட்கார வைத்தாள். மறுநாள் விடியும்வரை பூபதி பேச்சில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. ஏதோ சுலோகம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

*

விஜயதசமிக்கு மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனியிலிருந்து கனிஷ்கா என்ற பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். முதுகில் பை, கையில் மடிக்கணினி. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பூபதியிடம் போய், "வணக்கமுங்கய்யா, பெட்டிய அரைமணி நேரம் கடன் வாங்கிக்கறேன்" என்றாள். வருகிற மெக்கானிக்குகள் எல்லாரும் பெட்டியைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார்கள். இவளைச் சுகந்திக்குப் பிடித்துப்போனது.

"கீழ விழுந்துச்சுங்களாம்மா?"

"இல்லீங்க அம்மிணி."

"தண்ணி பட்டுச்சுங்களா?"

"இல்லவே இல்ல." சுகந்தி முந்தானையை முறுக்கினாள். டாக்டரிடம் பொய் சொல்லுகிறவர்கள் சின்னக் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்வார்கள். அவளும் அதையே செய்தாள். "ஃபோன்ல ஒரு விஜயதசமி வாழ்த்து வந்துச்சு. தொட்டா பூ கொட்டும்னு போட்டிருந்துது. தொட்டுப்போட்டேன். இந்த ஃபோனும் பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுதானே? வைரஸ் அது வழியா வந்திருக்குமுங்களா? அப்படியே இவரு மண்டைக்குள்ள போயிருமா?"

கனிஷ்கா பெட்டியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். "பூ கொட்டறது இருக்கட்டுங்கம்மா. ஸ்பீக்கர் ஓட்டையில எப்படிக் குங்குமம் வந்துச்சு?"

சுகந்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ராஜ்குமாரின் பொரியில் ஆரம்பித்து ராகு காலத்தில் முடித்தாள். கனிஷ்கா சிரிக்கவில்லை. "போன வருசம் ஒருத்தர் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டோட சேத்துப் பெட்டியவும் குளிப்பாட்டியே விட்டுட்டாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

சோதனை ஆரம்பித்தது. திரையில் ஒரு கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. சுகந்தியால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனாள், குழம்பைக் கிளறினாள், திரும்பி வந்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி போனாள். கொதித்து ஆறிய குழம்பைக் கிளறிக் கிளறிக் கத்தரிக்காய் கூழாகிப்போனது. நாற்காலியில் பூபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போகிற பக்கமெல்லாம் அவர் கண்ணும் போனது.

ஒன்றரை மணிக்குக் கனிஷ்கா நிமிர்ந்தாள். "பூ கொட்டுனதுல வைரஸ் இல்லைங்கம்மா. அது ஒரு குக்கர் விளம்பரம், அவ்வளவுதான்."

"அப்ப இவரு வாயில வர்றதெல்லாம்?"

"அதத்தான் தேடறேன். அடையாளம் தெரியாம ஒண்ணு ஓடிட்டு இருக்கு. கம்பெனி கணக்குப்படி அது வைரஸ்தான். நாலு மணிக்கு அதைத் தொடச்சுப்போடும். ஆனா எங்கிருந்து வருதுன்னு பாத்தா..." அவள் பேச்சை நிறுத்தினாள். திரும்பவும் எதையோ தட்டினாள். முகம் மாறியது. "இது வெளிய இருந்து வரலைங்கம்மா. சிப்புல இருந்து வருது."

"சிப்பு கெட்டுப்போச்சா?"

"சிப்பு நல்லாருக்கு. சிப்புக்கு அந்தப் பக்கம் இருந்து வருதுங்க." கனிஷ்கா பூபதியைப் பார்த்தாள். "ஐயாகிட்ட இருந்து."

சுகந்திக்குப் புரியவில்லை. ஆறு வருடமாக வருவதெல்லாம் அவரிடமிருந்துதானே?

"மாவு சலிப்பீங்கல்லம்மா? கப்பியெல்லாம் மேல தங்கிரும், தூக்கிப் போட்டுருவோம். இந்தப் பெட்டிக்குள்ளயும் ஒரு சல்லடை இருக்கு. ஐயா நெனைக்கறது கொழகொழன்னு வரும், முழுசா பிடிக்க முடியாது. அதனால இவரு மாதிரி ஆளு இந்த எடத்துல என்ன பேசுவாருன்னு பெட்டியே யூகிச்சு நெரப்பிக்கும். அந்த யூகத்துக்குப் பொருந்தாததெல்லாம் கப்பின்னு ஒதுக்கிரும். நீங்க பேட்டரியப் பிடுங்குன வேகத்துல அந்தச் சல்லடை கிழிஞ்சுபோச்சு. இப்ப கப்பியும் சேந்து விழுகுது."

"யூகத்துக்கா? இவரு எப்படிப் பேசுவாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க குடுத்த பதிவுகள வெச்சுத்தாங்கம்மா. அறுநூத்திப் பன்னெண்டு குடுத்திருக்கீங்க."



சுகந்திக்கு ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பூபதியின் ஃபோனில் இருந்த பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல். வீட்டுக்கு அனுப்பிய பதிவுகளில் பாதி வசவு. அதையெல்லாம் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்தால் குடும்ப மானம் என்ன ஆவது? நல்லதாகப் பொறுக்கினாள். பட்டறைக்கு வரும் கஸ்டமர்களிடம் "தாராளமா", "அதுக்கென்னங்க" என்று குழைந்த பதிவுகள். தம்பி மகளைக் "கண்ணு" என்று கொஞ்சிய பதிவுகள். கல்யாண வீடுகளில் பந்தியைப் புகழ்ந்தவை. சுகந்தியை அவர் ஒரு நாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பதுதான் அவளுக்குப் பெயர். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அவள் சமையலறைக்குள் ஓடிவிடுவாள். கை நீட்டியதில்லை, ஆனால் சாதத்தட்டு எத்தனையோ முறை சுவருக்குப் போயிருக்கிறது.

பெட்டி வந்த பிறகுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த ஆறு வருட நிம்மதியை நினைத்து இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒதுக்குன கப்பி எங்க போச்சு அம்மிணி? அழிஞ்சிருச்சா?"

கனிஷ்கா தயங்கினாள். "ஒரு ஓரமா கெடக்கு. ஆனா அதை வீட்டுக்காரங்களுக்குக் காட்டக்கூடாதுன்னு ரூல்ஸுங்கம்மா."

"அவரோடதத்தானே கேக்கறேன்?"

 கனிஷ்கா மடிக்கணினியைச் சுகந்தி பக்கம் திருப்பினாள். "எந்த நாள் வேணும்?"

சுகந்திக்குத் தெரிந்தது ஒரே நாள்தான். மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதம், ராஜ்குமார் பத்திரத்தோடு வந்த நாள். 'பட்டறைய எழுதிக் குடுத்தரலாங்களா?' என்று அவள்தான் கேட்டாள். பெட்டி சொன்ன பதிலும் நினைவிருந்தது: 'உன் இஷ்டம் கண்ணு. அதுக்கென்ன.' அதன் பிறகு அவருடைய இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றியதும் அவள்தான்.

திரையில் அந்த நாளின் கப்பி வரிசையாக வந்தது. வேண்டாம். வேண்டாம். வேண்டாம். வேண்டாம். கனிஷ்கா விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"நாப்பத்தோரு தடவ" என்றாள் மெதுவாக.

சுகந்தி அழுதாள். சத்தமாகவே அழுதாள். பக்கத்து வீட்டில் கேட்குமே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பூபதி தலையைக் குனிந்துகொண்டார்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள்: "பூஜைக்குப் பெட்டிய வெக்கட்டுமான்னு கேட்டேனே, அன்னைக்கு?"

கனிஷ்கா தேடினாள். "பெட்டி சொன்னது: தாராளமா வை கண்ணு. ஐயா நெனச்சது: கழட்டு. ஏய், கழட்டு." அவள் நிமிர்ந்தாள். "இந்த ஒரு எடத்துலதாங்கம்மா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு."

மணி இரண்டே முக்கால். ஃபோனில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன.

"நாலு மணிக்கு என்ன ஆகும்?"

"புதுச் சல்லடை வந்துரும். இது இன்னும் நைசு. அதோட..." கனிஷ்கா குரலைத் தாழ்த்தினாள். "புது வெர்ஷன்ல, பொருந்தாத நெனப்பு கெளம்பற எடத்துலயே சிப்பு அமுக்கிரும். பயனருக்கு எரிச்சல் இருக்கக் கூடாதுன்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. கொஞ்ச நாள்ல அந்த நெனப்பே வராதும்பாங்க."

"வேண்டான்னு சொன்னா?"

"ரத்து பண்ணலாம். ஆனா பெட்டி மொத்தமா நின்னுரும். திருப்பியும் தரமாட்டாங்க. ஐயா சொந்தமாத்தான் பேசணும். ஆறு வருசமா பெட்டி பேசுனதால வாய் பழகவே இல்ல. ஒரு வார்த்தைக்கு அஞ்சு நிமிசம் ஆகும். பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க முன்னெல்லாம் ஊருக்கு நூறு பேர் இருந்தாங்களாம், எங்க பெட்டி வந்ததுல இப்ப கோயமுத்தூருக்கே ரெண்டு பேர்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் உங்களச் சரின்னு சொல்ல வெக்கணும். அதுக்குத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

சுகந்தி எழுந்து கூடத்தில் நடந்தாள். அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும். மறுபடி அந்த ஸ்கூட்டர் சத்தம், அந்தத் தட்டு, அந்த 'ஏய்'. யார்தான் கேட்டு வாங்குவார்கள்? இன்னொரு பக்கம் நாற்பத்தோரு வேண்டாம். ஒரு மனிதனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் உட்கார்ந்து அவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். தெரியாமல் செய்தது வேறு. இனி செய்தால் தெரிந்து செய்தது.

"அதை அணைங்க அம்மிணி. இவருகிட்டயே கேக்கறேன்."

கனிஷ்கா பொத்தானை அழுத்தினாள். இந்த முறை முறைப்படி பன்னிரண்டு நிமிடம். பச்சை விளக்கு அணைந்தது. சுகந்தி நாற்காலியை இழுத்துப் பூபதிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க. நாலு மணிக்கு இது மறுபடி நல்லாப் பேச ஆரம்பிச்சிரும். அப்புறம் நீங்க நெனைக்கறது எனக்கு எப்பவும் வந்து சேராது. மாட்டட்டுங்களா, வேண்டாங்களா? நீங்களே சொல்லுங்க."

பூபதியின் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. ம் என்று ஒரு சத்தம் வந்து நின்றது. வியர்த்தது. கனிஷ்கா கடிகாரத்தைப் பார்த்தாள், உடனே பார்வையை விலக்கிக்கொண்டாள். மூன்று இருபது ஆயிற்று, மூன்று இருபத்தைந்து ஆயிற்று.

"மா..." என்றார். "மாட்... டு."

கனிஷ்கா பெருமூச்சு விட்டாள். சுகந்திக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சம் இரண்டும்தான். நாற்பத்தோரு முறை வேண்டாம் என்ற மனிதர், கடைசியில் வேண்டும் என்கிறார். சரி, அவர் இஷ்டம். பெட்டியை எடுக்கக் கையை நீட்டினாள்.

பூபதியின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"நீ..." மறுபடியும் நரம்பு புடைத்தது. "நீ... ப... பய..."

அவள் அசையவில்லை.

"பயப்... படற."

சுகந்தி அவர் முகத்தையே பார்த்தாள். ஆறு வருடத்தில் அந்தப் பெட்டி அவளிடம் எத்தனை ஆயிரம் இனிப்பான வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறது! ஒருமுறையாவது அவள் பயப்படுவதைப் பார்த்ததா? அதற்கு முந்தைய இருபத்து நாலு வருடத்தில் இந்த மனிதர்தான் பார்த்தாரா? இந்த ஆறு வருடமாகத்தான் நாற்காலியில் வாயடைத்து உட்கார்ந்து, அவள் போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவள் பயத்துக்காகத் தன் வாயைத் திரும்பப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

"ஆமாங்க" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கும் நேரம் பிடித்தது. "பயந்துட்டுத்தான் இருந்தேன். கல்யாணமான நாள்ல இருந்து."

அவர் தலையை ஆட்டினார். பிடித்த கையை விடவில்லை.

சுகந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். "அம்மிணி, ரத்து பண்ற எடம் எது?"

திரையில் காரணம் கேட்டது. பயனர் காலமானார். வெளிநாடு சென்றார். விலை அதிகம். மற்றவை.

"மற்றவைன்னா ஒரு வரி எழுதணுங்கம்மா" என்றாள் கனிஷ்கா.

"அவரே பேசறாருன்னு எழுது."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஃபோனில் எண்கள் நின்றன. கனிஷ்கா பையைக் கட்டினாள். பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இரண்டு பேரின் எண்களை எழுதி, பூஜை அலமாரியில் நமுத்துப்போன பொரிக்குப் பக்கத்தில் வைத்தாள். பூபதியிடம், "வாரேனுங்கய்யா" என்றாள். அவர் பதிலுக்கு வாயைத் திறக்க, அவள் வாசற்படியில் அவசரப்படாமல் நின்றாள். மூன்று நிமிடம் கழித்து, "வா" என்று வந்தது. அதைக் கேட்டுக்கொண்டுதான் போனாள்.

நாலரை மணிக்கு மதியச் சாப்பாடு. கத்தரிக்காய்க் கூழும் சாதமும் பிசைந்து வைத்தாள். பூபதி இடது கையால் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். முகம் சுளித்தார்.

"உ... உப்பு."

"பிரஷருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அவர் தட்டைத் தள்ளினார். தட்டு மேசை விளிம்புவரை போய் ஆடியது.  பழையபடி எழுந்து சமையலறைக்குள் ஓடிப்போகச் சுகந்தியின் ஒரு கால் தயாராகிவிட்டது. அவள் அந்தக் காலை ஊன்றி உட்கார்ந்தாள்.

"தட்டத் தள்ளுனீங்கன்னா நாளைக்குச் சோறே கெடையாது பாத்துக்கங்க."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பூபதி அவளை வெறித்துப் பார்த்தார். வாய் கோணியது, நரம்பு புடைத்தது. என்ன வரப்போகிறதோ என்று அவள் காத்திருந்தாள்.  அவர் இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு" என்றார் மறுபடியும். இந்த முறை திக்காமலே வந்தது.

சுகந்தி எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்தாள். ஒரு கல்லை, ஒரே ஒரு கல்லை எடுத்து அவர் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.